நெவில் தேர்ந்தெடுத்த பாய்லர்

நாற்பத்தொரு வருடம் ஊரார் வீட்டுப் பாய்லர்களைக் கழற்றி மாட்டியே பிழைத்த மனிதனின் வீட்டில், பனி கொட்டும் ஜனவரியில் பாய்லர் செத்துப்போனது. என் புருஷன் நெவில் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சமையலறைச் சுவரில் தொங்கும் அந்தப் பெட்டிதான் வெந்நீரைக் குழாய் வழியே அறைக்கு அறை அனுப்பி வீட்டைச் சூடாக வைத்திருக்கும். அது நின்ற அன்று சாயங்காலமே சுவரெல்லாம் சில்லிட்டுவிட்டது. முன்னறையில் ஒரு சின்ன மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றாமல் இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

நான் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். நெவிலின் நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தூசி இருந்தது. வாலிபத்தில் பழைய பாய்லர்கள்மேல் சுற்றியிருந்த கல்நாரை வெறுங்கையால் பிய்த்துப் போட்டதற்குக் கிடைத்த கூலி அது. அடுத்த கோடையைப் பார்ப்பானா என்று தெரியாது என அக்டோபரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். குளிரில் மட்டும் வைக்காதீர்கள், சளி கட்டினால் தாங்கமாட்டார் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கூட வேலை பார்த்தவர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று நெவில் சத்தியம் வாங்கியிருந்தான். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்களாம்.

நாளைக்கே எது கிடைக்கிறதோ அதை மாட்டச் சொன்னேன். கேட்டால்தானே. விலைப்பட்டியல்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கையுறை போட்ட விரலால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். மாப்பிள்ளை பார்க்கிற தகப்பன் மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை. ஜெர்மன்காரன் செய்தது நல்லதுதான், ஆனால் உள்ளே ஒரு வால்வு போனால் பத்து நாள் காத்துக் கிடக்க வேண்டும். இத்தாலிக்காரன் செய்தது பார்க்க லட்சணம், நாலாம் வருடம் பம்பு முனகும். இன்னொன்றில் தொடுதிரை இருக்கிறது, கிளெண்டாவுக்கு மைக்ரோவேவில் மணி வைக்கவே வராது. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரருக்கு விசாரிப்பதாகப் பொய் சொல்லி, பழைய சகாக்களுக்குப் போன் போட்டு எது அடிக்கடி மக்கர் செய்கிறது என்று வேறு கேட்டான்.

இப்படியே ஐந்து நாள் போயிற்று. ஐந்தாம் நாள் காலையில் அவன் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏதோ ஒண்ணை மாட்டித் தொலை, நெவில். உனக்கு இப்போ வேண்டியது சூடு. பத்து வருஷ கியாரண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"எனக்கா பாக்குறேன்?" என்றான். "அது நின்னுபோச்சுன்னா நீ யாரைக் கூப்பிடுவ? கண்டவன் வந்து அது போச்சு இது போச்சுன்னு உன் தலையில மிளகாய் அரைப்பான். புருஷன் இல்லாத வீடுன்னா அவனுங்களுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும், கண்ணு. நான் கூட இருந்தே பாத்திருக்கேன்."

உருகிப்போயிருக்க வேண்டும், இல்லையா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. செத்த பிறகு வரப்போகிற குளிருக்கு இப்போதே விறைத்துச் சாகிறாயா என்று கத்திவிட்டு வெளியே போனேன். எங்கேயும் போகிற உத்தேசம் இல்லாமலேயே கார் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

ஆறாம் நாள் ஒருவழியாகத் தேர்ந்தெடுத்தான். திரை கிரை எதுவும் இல்லை, திருப்ப இரண்டே குமிழ். எந்தப் பாகமும் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். பத்து வருட கியாரண்டி. கிளைவின் கம்பெனிக்குப் போன் செய்தான். கிளைவ் இருபது வருடம் நெவிலோடு ஒரே வண்டியில் போய் வேலை பார்த்தவன்.

கடுங்குளிர் வாரங்களில் எல்லா வீட்டுப் பாய்லரும் ஒன்றாகத்தான் படுக்கும். அதனால் கிளைவின் ஆபீசில் ஒரு கேள்வி கேட்பார்கள். நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கிற வீட்டுக்கு முதலில் போவார்கள், மற்றவர்கள் வரிசைப்படி. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று கிளைவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நெவில்தான். வரிசையில் முந்துகிறவனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிற ஊர் இது. நெவில் இன்னும் ஒரு படி மேல்.

நான் அடுப்பில் ஓட்ஸ் மாவில் ஊற்றிய ஓட்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். கையுறையோடு பிடிக்க வராததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அந்தப் பெண் கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

"வீட்டுல உடம்புக்கு முடியாதவங்க, கைக்குழந்தை, அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

"அப்படி யாரும் இல்லம்மா," என்றான் நெவில். "ஒண்ணும் அவசரமில்ல. குழந்தை இருக்குற வீட்டை முதல்ல பாருங்க."

சொல்லிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டு இருமினான். இருமல் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.

மேசைக்கு இரண்டே எட்டு. போய், இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அவன் வாங்கிய சத்தியம் ஒரு காரணம். அந்நியப் பெண் காது கேட்க அவனைப் பொய்யனாக்கக் கூடாது என்பது இன்னொன்று. அது மட்டும் இல்லை. பத்து வருடத்துக்குப் பார்க்கிறவன் பத்து நாள் குளிரில் இருக்கட்டுமே என்று ஒரு வீம்பும் இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பது நாள் கழித்து வருவதாகச் சொன்னார்கள். நான் வெந்நீர்ப் பைகளை மாற்றி மாற்றி வைத்தேன். போன் செய்த நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, கிளைவ் வந்தால் பழைய குழாய்களை முதலில் கழுவி விடச் சொல்லு, இல்லையென்றால் கியாரண்டி செல்லாது என்றான். சரி என்றேன்.

ஒன்பதாம் நாள் கதவைத் திறந்து விடுவதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். பெரியவர் எங்கே, மேலே நின்று நொட்டை சொல்ல வரவில்லையா என்று கிளைவ் கேட்டான். சொன்னேன். அவன் தன் சாமான் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே, கிளெண்டா."

"தெரியும்," என்றேன்.

குழாய்களை இரண்டு தடவை கழுவினான். மத்தியானத்துக்குள் எல்லா அறையும் சூடேறிவிட்டது. நெவிலின் நாற்காலிக்குப் பின்னால் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரில் சூட்டில் கை வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் அவனிடம் சொன்னேன். சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்டான். சத்தமே இல்லை என்றேன். அதுதான் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு நாளில் போய்விட்டான். அந்தச் சூடு அவன் மேல் ஒரு நாள்கூடப் படவில்லை.

வருடம் ஒன்றாகிறது. பாழாய்ப்போன பெட்டி ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. வெளியே பனி கொட்டுகிறது, நான் மெல்லிய சட்டையோடு தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். அவன் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வருடம் ஒருமுறை சரிபார்த்தால்தான் கியாரண்டி செல்லும். போன வாரம் கிளைவின் ஆபீசிலிருந்து அதே பெண் கூப்பிட்டாள். இந்தக் குளிரில் நிறைய வீடுகள் காத்திருக்கின்றன, கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லையா என்று கேட்டாள். பிறகு அந்தக் கேள்வியையும் கேட்டாள். வீட்டில் உடம்புக்கு முடியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா?

"இல்லம்மா," என்றேன். "இப்போ அப்படி யாரும் இல்ல."