குளிரில் சுருங்கிய அரைஞாண்கொடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசில் ஏறாவிட்டால் குகநேசனுக்குத் தேத்தண்ணீர் இறங்காது. துவாயைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி குனிந்து பார்ப்பார். அறுபத்தெட்டு கிலோ. அடுத்த நிமிடம் நோர்வேயின் வெஸ்ட்லியில் உள்ள அந்த மாடிவீடு முழுவதும் அவருடைய குரல் கேட்கும்.

"அதே நிறைதான். மீன் பக்டரியிலை வேலை செய்யேக்கையும் இதுதான், இண்டைக்கும் இதுதான். இஞ்சாரும், நீரும் ஒருக்கா ஏறிப் பாருமன்."

மனைவி சிவநாயகி அடுப்படியில் நின்று தோசையைத் திருப்பிப் போடுவார். அவருக்கு உயரம் குறைவு, உடம்பு கொஞ்சம் கூட. குளிர்சாதனப் பெட்டியில் குகநேசன் ஒட்டிவைத்திருந்த உயரம்–நிறை அட்டவணையில் கணவரின் இடம் பச்சைக் கட்டத்துக்கு நடுவே இருந்தது. சிவநாயகியின் இடம் மஞ்சளையும் தாண்டிச் சிவப்பை எட்டிப்பார்த்தது. மனுசன் அதைக் கண்ணாடி போட்டுப் படமாக மாட்டாதது ஒன்றுதான் குறை.

வீட்டோடு நின்றாலும் பரவாயில்லை. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று எங்கே போனாலும் இதே பகிடிதான். "என்ன சிவம், இன்னும் உடம்பு வைச்சிட்டீர்" என்று பெண்கள் கன்னத்தைத் தொட்டுக் கேட்பார்கள். குகநேசனோடு ரக்சி ஓடுகிற மகேசன், "அண்ணைக்குப் பட்டினி, சாப்பாடு முழுக்க அக்காவுக்கு" என்பான். சபை சிரிக்கும். கணவரும் சேர்ந்து சிரிப்பார். சிவநாயகியும் சிரித்துவிட்டு, கோப்பை கழுவுகிற சாட்டில் உள்ளே போய்விடுவார். கடைசியில் விழாக்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பகிடி என்று சொல்லி ஒரு மனுசியை வீட்டுக்குள் இருத்திவிட்டோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இதற்கிடையில் குகநேசனுக்கு ஒரு சின்னச் சிக்கல். திருகோணமலையில் இருந்து இடுப்போடு வந்த வெள்ளி அரைஞாண்கொடி கொளுவ மறுத்தது. முதலில் ஒரு வளையம் சேர்த்தார். பிறகு இன்னொன்று. இப்போது இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு சேப்டிபின் பாலம் போட்டிருந்தது.

"குளிருக்கு வெள்ளி சுருங்குது" என்றார், ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தவர் மாதிரி.

"அப்ப என்ரை வெள்ளிக் கொலுசு ஏன் சுருங்கேல்லை?"

"அது வேறை வெள்ளி."

அந்த வசந்தத்தில் குகநேசன் தண்ணீரைப் போத்தல் போத்தலாகக் குடிக்கத் தொடங்கினார். ஆளை ஏற்றிப் போகும் வழியிலேயே ரக்சியை நிறுத்திக் கழிப்பறை தேடினார். பகலிலும் சோபாவில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். சிவநாயகி இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். மாமனாருக்கும் இப்படித்தான் தொடங்கியது. நீரிழிவு என்று தெரியவந்தபோது ஒரு காலை எடுக்கவேண்டி வந்துவிட்டது.

"ஒருக்கா டொக்டரிட்டைப் போவம்."

"சீனி வருத்தம் குண்டு ஆக்களுக்கு வாறது. எனக்கேன்? அந்த அட்டவணையைப் பாரும்."

சிவநாயகி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, நான்தானே குண்டு. என்னைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. தனியப் போக வெக்கமாக் கிடக்கு" என்றார். கணவர் உடனே கார்ச் சாவியை எடுத்தார். தன் பெயரிலும் மனைவி நேரம் எடுத்து வைத்திருப்பது அங்கே அவருடைய பெயரைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

வைத்தியர் ஒரு நோர்வேப் பெண்மணி. இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்து முடிந்ததும் குகநேசனின் மேற்சட்டையை உயர்த்தச் சொன்னவர் சேப்டிபின்னைக் கண்டு நின்றுவிட்டார். குளிருக்கு வெள்ளி சுருங்குவதைக் குகநேசன் நோர்வே மொழியில் வெகு கவனமாக விளக்கினார். சிவநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார்.

வைத்தியர் பண்டேஜ் துணியைக் குகநேசனின் உயரத்துக்கு அளந்து வெட்டினார். அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். நுனிகள் சந்திக்கவில்லை, நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. இடுப்பின் சுற்றளவு, உயரத்தில் அரைவாசிக்குள் நிற்கவேண்டும் என்றார். மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கிய காலத்துத் தசை, காரில் உட்கார்ந்தே கரைந்துவிட்டது. அந்த இடத்துக்குக் கொழுப்பு வந்து வயிற்றில் குடியிருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் எண் மாறவில்லை. அதோடு தெற்காசியருக்கு, அட்டவணை பச்சை காட்டுகிற நிறையிலேயே இந்த ஆபத்து தொடங்கிவிடுவது உண்டு என்றும் சொன்னார்.

இரத்த முடிவு கேட்க இரண்டு பேரும் மறுபடி போனபோது குகநேசனுக்குச் சீனி நன்றாக ஏறியிருந்தது. சிவநாயகிக்குச் சீனியும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. ஸ்டோவ்னர் முதியோர் இல்லத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. முடிந்ததும் அங்கிருந்து மேட்டில் நடந்தே வீட்டுக்கு வருகிற பெண் அவர். "நீங்களும் இடுப்பைக் கொஞ்சம் குறைக்கவேண்டும், நடையை மட்டும் விடாதீர்கள்" என்றார் வைத்தியர்.

திரும்பும் வழியில் குகநேசன் சிக்னல் பச்சையாகியும் காரை எடுக்காமல் இருந்தார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"எத்தினை பேருக்கு முன்னாலை உம்மைப் பகிடி பண்ணினன்" என்றார்.

"பகிடி கிடக்கட்டும். உங்கட ரெண்டு காலும் எனக்கு வேணும். இப்ப காரை எடுங்கோ."

அன்றிலிருந்து மாலையில் மேடு ஏறுவது இரண்டு பேராயிற்று. முதல் வாரம் குகநேசன் வழியில் இருந்த வாங்குப் பலகைகளில் எல்லாம் குந்தினார். மருந்தும் எடுத்தார், சோற்றையும் குறைத்தார். இலையுதிர் காலத்தில் கொடியின் நுனிகள் சேர்ந்து, சேப்டிபின் கழன்றது.

மோர்டென்ஸ்ருட் மண்டபம் ஒன்றில் மகேசனின் மகளுக்குப் பிறந்தநாள் விழா வந்தது. சிவநாயகி தயங்கித் தயங்கித்தான் போனார். மகேசன் வாசலிலேயே தொடங்கினான்.

"அக்கா வந்திட்டா. இண்டைக்குச் சாப்பாடு காணாது."

சபை சிரிக்க ஆயத்தமாகிய நேரம் குகநேசன் மேசையில் கிடந்த பரிசு கட்டும் நாடாவை எடுத்தார். மகேசனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, உச்சியில் இருந்து பாதம்வரை அளந்து வெட்டினார். மடித்து இடுப்பில் வைத்தார். நெடிய மகேசனுக்கே நாடா எட்டவில்லை.

"எனக்கும் எட்டேல்லை" என்றார் குகநேசன். "தராசு பாரத்தைச் சொல்லும், கொழுப்பு எங்கை இருக்கெண்டு சொல்லாது. மெலிஞ்ச ஆள் எல்லாம் சுகதேகியுமில்லை, தடிச்ச ஆள் எல்லாம் நோயாளியுமில்லை. ஒருத்தற்றை உடம்பைப் பார்த்துச் சிரிக்கிறதை இண்டையோடை விடுங்கோ. சிரிக்கிற நேரத்திலை உங்கட இடுப்பை அளவுங்கோ, இரத்தத்தைச் சோதியுங்கோ. நான் சிரிச்சுக்கொண்டே என்ரை காலைத் துலைக்கப் பார்த்தனான். இவதான் காப்பாத்தினவ."

மகேசன் நாடாவை வாங்கி இழுத்துப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், "இது குளிருக்குச் சுருங்கியிருக்கும், அண்ணை" என்றான்.

சிவநாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஓம் தம்பி, எங்கட வீட்டிலையும் முதலிலை அப்பிடித்தான் சொன்னவர்" என்றார். "நாளைக்கே டொக்டரிட்டைப் போங்கோ. தனியப் போக வெக்கமெண்டால் நான் கூட வாறன்."