வெள்ளிக்கிழமை ஆறு

பாஞ்சாலி ஆற்றின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புருஷன் பச்சையப்பனுக்குக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். ஆறு அரை மைலுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் பொய் ஒன்றுமில்லை. அரை மைல் என்பதை வேண்டுமானால் ஒரு கூப்பிடு தூரம் என்று குறைத்துக்கொள்ளலாம். பாஞ்சாலியின் தொண்டைக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் நந்தியாற்றங்கரையில் நின்று ஆட்டை அதட்டினால் அரக்கோணம் ஜங்ஷனில் ரயில் கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டி வைத்துவிடுவார் என்று பேச்சு. அப்படிப்பட்ட தொண்டையையும் மீறி இரைந்தது ஒரே ஒரு மழை. நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழை. அதில் திருத்தணி மலை ஒரு முழம் கரைந்து குள்ளமாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு சாண் என்றால் ஒப்புக்கொள்ளலாம். மேற்கே மலைமலையாக விழுந்த தண்ணீரெல்லாம், ஒவ்வொரு பாறை இடுக்கிலிருந்தும் ஒவ்வொரு ஓடையாக இறங்கி, கல்யாண வீட்டுக்குப் போகிற பங்காளிகள் மாதிரி வழியெல்லாம் ஒன்றுசேர்ந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நந்தியாற்றுக்குள் வந்து விழுந்தது. வேரோடு மிதந்து வந்த புளியமரத்தில் ஒரு சேவல் உட்கார்ந்திருந்ததாம். விடிந்துவிட்டது என்று கூவிக்கொண்டே கொசத்தலை ஆறுவரை போயிற்றாம்.

எப்போதும் நிதானமாக அரைவட்டம் அடித்து, மிராசுதார் கஜபதியின் நஞ்சையைப் பிரதட்சிணம் செய்துவிட்டுக் கிழக்கே திரும்புகிற ஆறு அது. அன்றைக்கு அதற்குச் சுற்றப் பொறுமையில்லை. நஞ்சையின் குறுக்கே நேராகக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. மழை விட்டு ஊர் எட்டிப்பார்த்தபோது கஜபதியின் மூன்று போக நிலம் மணலும் தண்ணீருமாகக் கிடந்தது. ஆறு கைவிட்ட பழைய படுகையிலோ, மலையிலிருந்து அடித்து வந்த வண்டல் முழங்கை ஆழத்துக்குக் கருகருவென்று படிந்திருந்தது. குச்சியை ஊன்றினால் குச்சி துளிர்க்கும். பக்கத்தில் குடையை ஊன்றி வைத்திருந்தால் அதுவும் துளிர்த்திருக்கும். யாரிடமும் குடை இல்லை.

அந்த வெள்ளத்தில் பாஞ்சாலியின் குடிசையும் இரண்டு ஆடும் போயின. அவளும் பச்சையப்பனும் கஜபதி நிலத்தில் பரம்பரையாகக் கூலிக்குப் போகிறவர்கள், தங்களுக்கென்று ஒரு பிடி மண் இல்லாதவர்கள். குடிசை இருந்த இடத்தில் இப்போது தவளை இருந்தது. பழைய படுகையில் நாலு மூங்கிலை நட்டு ஓலை வேய்ந்தாள் பாஞ்சாலி. முதல் வருஷம் கேழ்வரகு தூவினாள். இந்தத் தை பிறந்ததும் கிர்ணிப்பழ விதை ஊன்றினாள். மாசியில் கொடி நாலாபக்கமும் ஓடி, இலைக்கு அடியில் கோழிமுட்டைப் பருமனில் காய் பிடித்திருந்தது. நாற்று நட்டும் களை பறித்தும் அவள் கை பார்த்த மண் திருவாலங்காடுவரை உண்டு. ஆனால் விளைவது தன் வீட்டுக்கு என்று அந்தக் கை ஊன்றிய விதை இதுதான் முதல். ராத்திரி எழுந்து எழுந்து காய்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பாள். பச்சையப்பனுக்கோ தூக்கமே இல்லை. அவன் கஜபதியின் நிழலைக் கண்டாலே துண்டை இடுப்புக்கு இறக்குகிறவன்.

அவன் கூழை வாயில் வைக்கும் நேரத்தில்தான் கரையில் சைக்கிள் மணி கேட்டது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஜெகநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். பின்னால் தலையாரி, அவனுக்கும் பின்னால் கஜபதி. பச்சையப்பன் கூழோடு எழுந்து நின்றான். பாஞ்சாலி எழுந்திருக்கவில்லை, கை கூழாக இருக்கிறது என்று காரணம் வைத்திருந்தாள்.

மனு கொடுத்திருந்தவர் கஜபதி. அவர் கேட்டது அநியாயம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

"என் நெலத்த ஆறு எடுத்துக்கினு போச்சி. அது உட்டுட்டுப் போன எடத்த எனக்குக் குடுங்க. மாத்துக்கு மாத்து."

"என் குடிசையயுந்தான் எடுத்துக்கினு போச்சி" என்றாள் பாஞ்சாலி உட்கார்ந்தபடியே. "செவுத்து மண்ணு, ரெண்டு ஆடு, அல்லாத்தயும் பூண்டி ஏரியில தேக்கி வெச்சி மெட்ராஸ்காரங்க கொழாயில புடிச்சிக் குடிச்சிக்கினு கீறாங்க. நான் யார்கிட்ட மாத்து கேக்கறது?"

தலையாரி சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டான். ஜெகநாதன் சர்வே படத்தை சைக்கிள் சீட்டின் மேல் விரித்தார். படத்தைப் பார்த்தார், காலடியில் கிர்ணிக் கொடியைப் பார்த்தார், தூரத்தில் மினுங்கிய தண்ணீரைப் பார்த்தார். சித்தூரிலிருந்து வெயிலில் ஊர் ஊராகச் சுற்றிக் களைத்த மனிதர், கெட்டவர் இல்லை. தாம் நின்றுகொண்டிருக்கும் இடம்தான் ஆறு என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளைக்காரன் சங்கிலி போட்டு அளந்த ஆறு. அது நினைத்தபடி எழுந்து போக முடியாது. ஆற்றை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவும் முடியாது.

அப்படியானால் அங்கே ஓடுவது என்ன என்று கஜபதி கேட்டார்.

"அது உங்க பட்டா நஞ்சை. கிஸ்தி பாக்கி விழாம பாத்துக்குங்க."

கஜபதியின் மீசை எலுமிச்சம்பழம் நிற்கிற மீசை. அன்றைக்கு அதில் ஒரு மிளகுகூட நின்றிருக்காது. தண்ணீருக்கு நிலவரி கட்டும் முதல் மனிதன் இந்த ஜில்லாவிலேயே தான்தான் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்ததும் அடுத்த கேள்வியை நிறுத்தி நிதானமாகக் கேட்டார். இது ஆறு என்றால், ஆற்றுக்குள் ஒருத்தி கொடி போட்டுக் குடியிருக்கலாமா? இன்றைக்குக் கிர்ணி, நாளைக்குப் பட்டா என்று வந்து நிற்க மாட்டாளா?

கூடாதுதான் என்றார் ஜெகநாதன். ஆக்கிரமிப்பு. எடுத்துவிட வேண்டியதுதான். கஜபதியே ஏர் கொண்டுவந்து அழித்துக்கொள்ளட்டும், தாமும் மேற்பார்வைக்கு வருவதாகச் சொல்லி நாள் குறித்தார். வருகிற வெள்ளிக்கிழமை.

காய் பழுக்க இன்னும் ஒரு மாசமாவது வேண்டும். பாஞ்சாலிக்கு அழுகைதான் வரப்பார்த்தது, ஆனால் கஜபதி பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் வரவில்லை. கையிலிருந்த கூழை மெல்ல வழித்துச் சட்டியில் போட்டாள். எழுந்து நின்றாள்.

"சார், இது ஆறுதான?"

"ஆமாம்மா. ஆறுதான்."

"ஆத்துல குளிக்கலாமா?"

ஜெகநாதன் படத்தை மடித்துக்கொண்டே சொன்னார். "தாராளமா குளி. அத யாரு கேக்கப்போறாங்க?"

"ஆங். அது போதும்" என்றாள் பாஞ்சாலி.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் சேரியில் ஒவ்வொரு குடிசையாகக் குனிந்து நுழைந்தாள். ஒரு கோழி விஷயமாக ஆறு வருஷம் தன்னோடு பேசாத தாயாரம்மாளின் வாசலில்கூடப் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் தாயாரம்மாள் ஆறு வருஷத்து விரதத்தை ஒரே வாக்கியத்தில் முறித்தாள்: "ஏண்டி, எண்ணெயி உன்னுதா, என்னுதா?"

வெள்ளி விடிந்தது. கஜபதியின் ஏர்மாடுகள் கரையை விட்டுப் படுகையில் இறங்கின. ஓட்டி வந்தவன் பச்சையப்பன். கூலிக்காரனுக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் ஏது? அவன் முகம் கரி அப்பியதுபோல் இருந்தது. கஜபதி முன்னே நடந்தார். ஜெகநாதனும் தலையாரியும் பின்னே வந்தார்கள். நாலு எட்டு வைத்திருப்பார்கள், நின்றுவிட்டார்கள்.

கொடிகளுக்கு நடுவே சேரிப் பெண்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் நல்லெண்ணெய் வழிய, முகமெல்லாம் மஞ்சள் பூசி, புடவையை மார்புக்கு மேல் ஏற்றிச் செருகி, இடுப்பில் ஆளுக்கொரு மண்குடம். வெள்ளிக்கிழமை பெண்கள் எண்ணெய் தேய்த்து முழுகும் நாள் என்பது சர்வே படத்தில் போட்டிருக்கவில்லை. அந்தப் பக்கத்து நஞ்சையில் ஓடுகிற தண்ணீரை மொண்டு வந்து, இந்தப் பக்கத்து ஆற்றில் நின்று தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு கொடியின் குழியில் நின்றாள். உச்சந்தலையில் விழுந்த தண்ணீர் தோளில் இறங்கி, பாதத்தில் இறங்கி, வேரில் இறங்கியது.

பச்சையப்பன் மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டான். பிறந்ததிலிருந்து கஜபதிக்கு எதிராக இருமக்கூடத் துணியாதவன், சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"பொம்பளைங்க குளிக்கிறாங்க, ஐயா" என்றான். "திரும்பிக்கங்க."

தலையாரி திரும்பினான். சைக்கிளோடு ஜெகநாதன் திரும்பினார். பெண்கள் குளிக்கிற துறையில் கண் வைத்தவன் என்று பேர் வாங்கிவிட்டு, ஆர்.கே.பேட்டையிலிருந்து மெட்ராஸ்வரை எந்த ஊரில் ஒருவன் பெண் எடுக்க முடியும், பெண் கொடுக்க முடியும்? கஜபதி பற்களைக் கடித்தார். கடித்த சத்தம் மாட்டுக்குக் கேட்டு, மாடு காதை ஆட்டியது. கடைசியில் அவரும் திரும்பினார். திரும்பினால் எதிரே அவருடைய நஞ்சை. அதன்மேல் கணுக்கால் ஆழத்தில், வெயிலில் மினுக்கிக்கொண்டு போகிறது தண்ணீர்.

"எம்மா நேரம் குளிப்பீங்க?" என்று நஞ்சையைப் பார்த்துக் கத்தினார்.

"எண்ணெ பிசுக்கு போவலிங்க ஐயா" என்றாள் பாஞ்சாலி. "மணி பாத்தா ஆறு குளிக்க உடுது?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் கரையேறும் பாதையில் பாஞ்சாலி அவளைக் கண்டாள். கஜபதியின் பெண்சாதி ரத்தினம்மாள். தலையில் எண்ணெய், இடுப்பில் தளும்பத் தளும்பப் பித்தளைக் குடம். துறை வற்றிப்போனதிலிருந்து கிணற்றடியில் சொம்புத் தண்ணீரில் தலைமுழுகுகிறவள். வந்தவள் சேரிப் பெண்களுக்கு மேலே, பத்தடி தள்ளி, காய்ந்த ஆற்றின் மேல்துறையில் போய் நின்றாள். தண்ணீரே இல்லாத ஆற்றில்கூட அவளுக்கு மேல்துறை! பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ரத்தினம்மாள் நின்ற இடத்திலும் ஒரு கொடி இருந்தது.

"எண்ணெத் தலைக்கு ஆத்துத் தண்ணிதான் சரி" என்றாள் ரத்தினம்மாள், யாரிடமும் இல்லாமல்.

பித்தளைக் குடம் ஒரு கல்லில் மோதி ஒலித்தது. கஜபதியின் பிடரி விறைத்தது. அந்த ஊரில் பித்தளை ஒரே வீட்டில்தான் உண்டு. கழுத்து பாதி திரும்பி, அப்படியே நின்று, பழையபடி நேரானது.

குழிகள் நிரம்பி வழிந்தன. ரத்தினம்மாளின் கொடியிலிருந்து ஒரு நூல், தாயாரம்மாளின் கொடியிலிருந்து ஒரு நூல், பாஞ்சாலியின் காலடியிலிருந்து ஒரு நூல் என்று தண்ணீர் வண்டலில் வழி தேடிக் கிளம்பியது. ஒன்றோடு ஒன்று சேர்ந்தது, சேர்ந்ததும் கொஞ்சம் வேகம் பிடித்தது, சருகு ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாழ்வான பக்கமாக இறங்கியது. பாஞ்சாலி குடத்தைத் தலைக்கு மேல் தூக்கியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது முதுகு காட்டி நின்றவர்களின் குதிகாலைப் போய்த் தொட்டது. கஜபதி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.