பெட்ரோல் பக்கம் இரண்டு பேர்

இரண்டு சகலைகள் கூட்டுச் சேர்ந்து படகு வாங்கப் போகிறார்கள் என்றதுமே யாராவது குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டியவள், அவர்கள் மனைவிமாரில் மூத்தவள்தான் அந்த யோசனையையே கிளப்பிவிட்டவள்.

அவளுக்குப் படகு மேல் ஒரு ஆசையும் கிடையாது. தங்கையோடு நிம்மதியாக உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். அவள் புருஷன் பல் டாக்டர், தங்கை புருஷன் இன்ஷூரன்ஸ்காரர். இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் காபி ஆறுவதற்குள் சண்டை வந்துவிடும். இரண்டு பேருக்கும் படகுப் பைத்தியம் உண்டு என்று தெரிந்தபோது மூத்தவள் துள்ளிக் குதித்தாள். ஞாயிறுதோறும் நான்கு பேரும் ஆற்றில் போனால், கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போக வழியில்லை அல்லவா?

படகு நல்ல படகுதான். சின்னதாக ஒரு அறை, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு. எஞ்சின் மட்டும் இல்லை. பின்புறம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று விற்றவர் சொல்லிவிட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"டீசல்தான்," என்றார் பல் டாக்டர். "பெட்ரோல் மாதிரி குடிச்சுத் தீர்க்காது. மெதுவாப் போனாலும் இழுவை இருக்கும். பெட்ரோல் ஆவி உள்ளே சேர்ந்திருக்கும்போது அடுப்பைப் பத்த வச்சா என்ன ஆகும்? குடும்பத்தோட போய்ச் சேர வேண்டியதுதான்."

இன்ஷூரன்ஸ்காரர் சிரித்தார். "டீசல் என்ன கனம்னு தெரியுமா சகலை? இந்தப் படகுல மாட்டினா பின்பக்கம் தண்ணியில, மூக்கு வானத்துல. விலையைக் கேட்டா மயக்கம் வரும். ரிப்பேர்னா ஸ்பேர் பார்ட்ஸுக்குத் தவம் கிடக்கணும். சத்தம் வேற, காது போயிடும்."

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது, அதுதான் தொல்லை. பொய்யாக இருந்திருந்தால் சீக்கிரம் ஓய்ந்திருப்பார்கள். இத்தனைக்கும் எந்தப் படகு எஞ்சினையும் இருவரும் தொட்டு ஸ்டார்ட் செய்ததில்லை. பல் டாக்டர் தன்னிடம் பல் பிடுங்க வந்தவர்களிடம் டீசலின் பெருமையைப் பேசுவார். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்கள் என்ன மறுத்துப் பேசிவிட முடியும்? ஊரே டீசல் கட்சி என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். இன்ஷூரன்ஸ்காரரோ, கார் நசுங்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவனைக்கூட உட்கார வைத்துப் பெட்ரோல் பாடம் நடத்திவிட்டுத்தான் விடுவார்.

விவகாரம் முற்றி, "அந்த வீட்டோட உனக்கு என்ன பேச்சு?" என்ற இடத்துக்கு வந்து நின்றது. இரண்டு வீட்டிலும் ஒரே உத்தரவு. மூத்தவள் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தாள். வாளி நிரம்புவதற்குள் என்ன பேசிவிட முடியும்? சாப்பிட்டியா, நல்லா இருக்கேன், வச்சிடறேன்.

கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம். இரண்டு எஞ்சினும் வாங்குவது, இடப்பக்கம் டீசல், வலப்பக்கம் பெட்ரோல். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் கூடாது என்ற தடை மட்டும் நீங்கவில்லை. மாட்டிப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். அடுத்தவர் ரகசியம் கேட்கக் காதைச் சாய்க்கிறவர் மாதிரி, அது டீசல் பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

"எஞ்சின்ல கோளாறு இல்ல. எதிர்ப்பக்கம் கனம் போதல," என்ற பல் டாக்டர், மனைவியையும் மச்சினியையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பெட்ரோல் பக்கம் உட்காருங்க. நாங்க சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

மணல் மூட்டை என்றால் தோளில் சுமந்து ஏற்ற வேண்டும். மனைவி என்றால் தானே நடந்து வந்து ஏறிக்கொள்வாள். இளையவளுக்குச் சுருக்கென்றது. ஒரு பள்ளிக்கூடத்தையே மேய்க்கிற தலைமை ஆசிரியை அவள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளை மூத்தவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் போட்ட உத்தரவுகளில் அவள் மனம் குளிர்ந்து கீழ்ப்படிந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

டீசல் போட்ட சத்தத்தில் ஆண்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் தங்கையும் வாய் ஓயாமல் பேசினார்கள். ஒரு ஞாயிறு இளையவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க."

"எப்போடி?"

"இவங்க ரெண்டு பேரும் எஞ்சின் சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்போ. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீ அவசரமா வச்சிட்ட."

மூத்தவள் தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூடப்பிறந்தவள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். தான் ஒரு டம்ளர் கஞ்சிகூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இனிமேல் ஒரு ஞாயிறைக்கூட விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

ஆனால் ஆண்கள் சும்மா இருப்பார்களா? பேட்டரியை நகர்த்தினார்கள், தண்ணீர்க் கேன்களைப் பெட்ரோல் பக்கம் அடுக்கினார்கள். படகு நிமிரத் தொடங்கியது. "இன்னும் கொஞ்சம்தான். அப்புறம் உங்களுக்கு விடுதலை. ஜாலியா வீட்டுலயே இருக்கலாம்," என்றார் பல் டாக்டர், வரம் கொடுக்கிற தோரணையில்.

அடுத்த வாரம் மூத்தவளின் சாப்பாட்டுக் கூடை வழக்கத்தைவிடக் கனத்தது. தொப்பையைக் குறைக்க வாங்கி, வாங்கிய நாளோடு புருஷன் மறந்துவிட்ட இரும்பு டம்பெல்களை அதற்குள் போட்டு எடுத்து வந்து, டீசல் பக்கத்துப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். படகு பழையபடி சாய்ந்தது. அதற்கடுத்த வாரம் செங்கல். பாவம், ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டாள்.

மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது பல் டாக்டர் பூரிப்போடு சொன்னார். "சாய்மானத்துக்கு வழி கண்டுபிடிச்சாச்சு. உங்க ரெண்டு பேர் கனம் பத்தல. எங்க அக்காவை வரச் சொல்லிட்டேன். உங்களுக்கு நடுவுல உட்காருவாங்க."

நாத்தனார்! கனத்துக்கும் குறைவில்லை, காதுக்கும் குறைவில்லை. எதிரில் ஒரு வார்த்தை பேசினால் போதும், படகு கரைக்கு வருவதற்குள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். மூத்தவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏங்க, படகு தானா சாயல. நான்தான் செங்கல் வச்சேன். உங்க டம்பெல்லும் அங்கதான் இருக்கு."

அவர் கை தட்டிலேயே நின்றது. "எதுக்கு?"

"எனக்கு என் தங்கச்சியோட உட்காரணும். வேற எங்க உட்கார விட்டீங்க? அவளுக்கு ஆபரேஷன் ஆனதுகூட எனக்குத் தெரியாமப் போச்சு."

அவர் அவளையே பார்த்தார். கண்கள் அகன்றன. மனுஷனுக்கு இப்போதாவது உறைத்ததே என்று அவள் ஒரு கணம் நம்பிவிட்டாள்.

"அப்போ என் டீசல் மேல ஒரு தப்பும் இல்ல!"

கையைக்கூடக் கழுவாமல் சகலைக்குப் போன் போட்டார். பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிறீர்களா என்று அந்தப் பக்கம் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. கத்தி ஓய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. படகில் ஆண்கள் மட்டும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்லச் சாட்சி வேண்டும்.

"நீ இந்தக் கரையில நில்லு," என்றார் அவர். "உன் தங்கச்சி அந்தக் கரையில நிக்கட்டும். அப்பதான் நியாயமா இருக்கும்."

மூத்தவள் எழுந்து போய்க் கை கழுவினாள். "நான் எந்தக் கரையிலயும் நிக்கப் போறதில்ல. என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"அந்த வீட்டுக்கா? அப்போ சாட்சிக்கு யாரு?"

"உங்க அக்காதான் வராங்களே. நடு ஆத்துல நிக்க வைங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பஸ் காலியாக இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, மிச்சச் சில்லறையைப் பையில் போட்டு நிமிர்வதற்குள் தங்கை வீட்டு நிறுத்தம் வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற வீட்டுக்குப் போய் வர ஒரு படகும் இரண்டு எஞ்சினும் வாங்க வைத்தோமே என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.