பியானோ இறங்கி வராது

தம்பிக்கு அந்த அரங்கம் நன்றாகப் பழக்கப்பட்டதுதான். மேடையின் இடது ஓரத்தில் ஒரு பலகை மிதித்தால் முனகும். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணமாகாத வயதில் முதன்முதலாக இங்கே வாசித்தபோது ஆட்களைவிடக் காலி நாற்காலிகள்தான் அதிகம். இன்று மாலைக்கு ஓர் இருக்கைகூட மிச்சமில்லை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

ஊரெல்லாம் அவர்களை நால்வர் குழு என்று சொல்லும். உண்மையில் ஒரே குடும்பம். முதல் வயலின் அண்ணன், இரண்டாவது வயலின் அண்ணி, நடுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவோடு தம்பி. கால்களுக்கிடையே நிறுத்தி வைக்கும் செல்லோவை வாசிப்பவர் அண்ணியின் கூடப்பிறந்தவர். அதனால் சகோதரர்கள் இருவருக்கும் மச்சான். விமானத்தில் செல்லோவுக்கும் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். "ஜன்னலோரம் அதுக்கு, நடுவுல இடிபடறது நான். கட்டினவகூட என்கிட்ட இவ்வளவு வசதி கேட்டதில்ல" என்பார் மச்சான். அவர் சும்மா இருந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். இன்று காலையிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை.

இடித்தது, மேடை நடுவே நின்ற பியானோ.

சில வருடங்களாக அண்ணனின் காது அவருக்குத் துரோகம் செய்துகொண்டிருந்தது. பேச்சு கேட்கும், கைதட்டல் கேட்கும், பக்கத்து அறையில் ஸ்பூன் விழுந்தால்கூடக் கேட்கும். சுருதி மட்டும் நழுவிவிட்டது. விரல் ஒரு மயிரிழை கீழே விழும். அவருக்கு அது சரியான இடமாகவே கேட்கும். ஒரு கச்சேரியின் நடுவே முதலில் கண்டுகொண்டது தம்பிதான். கண்டுகொண்ட அந்தக் கணமே, யோசிக்காமல், தன் விரலையும் கீழே நகர்த்திக்கொண்டான். சிறிது நேரத்தில் அண்ணியின் சுரமும் இறங்கியது. பிறகு செல்லோ. கச்சேரி முடிந்து பெட்டிகளை மூடும்போது மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான்கு பேரும் சேர்ந்து இறங்கினால் இறங்கியது யாருக்கும் தெரியாது. விரல் படாத வெறும் தந்தி மட்டும் அசையாமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூவரும் கூடியமட்டும் வெறும் தந்தியைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். இதையும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. வயது ஏற ஏற இவர்கள் வாசிப்பில் ஒரு கனிவு கூடியிருக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. அண்ணன் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அண்ணி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பியானோவோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பியானோவின் சுரம் சேர்த்து வைத்த இடத்திலேயே நிற்கும், இவர்களோடு இறங்கி வராது. மூவரும் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்துவந்தார்கள். இந்த முறை அண்ணன் யாரையும் கேட்காமல் ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஒத்திகை தொடங்கியது. முதலில் நால்வர் மட்டும் வெகுநேரம் வாசித்துப் போக, அவர்கள் நீட்டி நிறுத்தும் இடத்தில் பியானோ வந்து சேர வேண்டும். சேர்ந்தது. தம்பிக்குப் பல் கூசியது.

"பியானோ ஏறிக் கிடக்கு" என்றார் அண்ணன்.

பியானோ வாசிக்க வந்த பெண் கையை எடுத்துக்கொண்டாள். சுருதி சேர்ப்பவரை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் சில கட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"காலையிலதான் சார் சேர்த்தேன். சரியாத்தான் இருக்கு."

"காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?"

அவர் சுருதி சேர்க்கும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, போகும்போது தம்பியை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் குனிந்து, ஏற்கெனவே பிசின் தேய்த்திருந்த வில்லுக்கு மறுபடி பிசின் தேய்த்தார்.

"திரும்ப முதல்லேருந்து" என்றார் அண்ணன்.

மாலையில் அரங்கம் நிறைந்துவிடும். இதே இடம் வரும். யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் போதும். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தம்பிக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாக வாயில் வராத சொல் இன்று மட்டும் எப்படி வரும்? நீட்டி நிறுத்தும் இடம் நெருங்கியது. அவன் விரலை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தான். வைத்து, நகர்த்தாமல் பிடித்துக்கொண்டான்.

அண்ணி சட்டென்று திரும்பினாள். வேண்டாம் என்றன கண்கள். ஆனால் அடுத்த மூச்சில் அவள் விரலும் மேலே ஏறியது. செல்லோவும் வந்து அடியில் நின்றது. அண்ணன் மட்டும், கூட நடந்தவர்கள் நின்றுவிட்டது தெரியாமல் பேசிக்கொண்டே போகிறவரைப் போலப் போய்க்கொண்டிருந்தார். பியானோ வந்து மூவரோடு அழகாக உட்கார்ந்தது.

அண்ணனின் வில் நின்றது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை.

"நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று அந்தப் பெண் எழுந்து போனாள்.

"எப்போலேருந்து?" என்று அண்ணன் அண்ணியிடம் கேட்டார்.

"தெரியலைங்க. ரொம்ப நாளா."

"மூணு பேரும் கூடிப் பேசி என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"பேசலை மாப்ள" என்றார் மச்சான். "சத்தியமா ஒரு நாள்கூடப் பேசிக்கிட்டதில்ல."

"ஏமாத்தலைண்ணா" என்றான் தம்பி. "கூட வந்தோம்."

"பள்ளத்துல இறங்கறவன் பின்னாடியேவாடா வருவீங்க? கையைப் பிடிச்சு இழுக்க மாட்டீங்களா?"

விளக்குப் போடுகிறவர் மேலே எதையோ இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது. அது அடங்கியது.

"அந்தச் சுரத்தை வாசிடா" என்றார் அண்ணன். "நான் வரேன். நீ வராதே."

தம்பி வாசித்தான். அண்ணனின் வயலின் அதைத் தேடிக்கொண்டு வந்தது. தம்பியின் விரல் பழக்கத்தில் தானாகவே கீழே சறுக்கியது.

"வராதேன்னு சொன்னேன்ல!"

மேலே இழுத்துக்கொண்டான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரலை உருட்டி உருட்டித் தேடினார். ஓர் இடத்தில் நின்றார். முகம் தெளிந்தது.

"இங்கதானே?"

இத்தனை வருடமாக நால்வரும் குடியிருந்த அதே இடம்தான் அது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மயிரிழை இறங்கினால் போதும், அண்ணன் சொன்னது சரியாகிவிடும். தம்பி விரல் நுனி வெளுக்க அழுத்திப் பிடித்தான்.

"இல்லைண்ணா" என்றான். "இன்னும் கொஞ்சம் மேல."

அண்ணன் தலையாட்டினார். ஆனால் விரலை மேலே கொண்டுபோகவில்லை. வில்லை எடுத்து, துணியால் தந்திகளின் மேலிருந்த பிசின்தூளைத் துடைத்து, கச்சேரி முடிந்ததும் செய்வதைப் போலவே வில்லின் முறுக்கைத் தளர்த்தினார். வயலினைப் பெட்டியில் வைத்துக் கொக்கி போட்டார்.

"சாயங்காலம் அந்தப் பொண்ணு தனியா ஏதாவது வாசிக்குமான்னு கேளுங்க" என்றார்.

தம்பியின் வில் இன்னும் அந்தச் சுரத்தின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.