நிற்கும் பயிர்

அதிகாரியம்மாள் குனிந்து மர அளவுகோலை மணலில் ஊன்றினார். வெள்ளரி இலைகள் நான்கு விரற்கடை உயரத்தோடு நின்றுவிட்டன. அதற்குமேல் வெறுங்காற்றுதான் இருந்தது. அவர் நிமிர்ந்து, கையிலிருந்த படிவத்தை எழுத்தெண்ணிப் படித்தார்: "'இரண்டாம் ஆண்டின் முடிவில் நிலத்தில் நிற்கும் பயிர் இருத்தல் வேண்டும். உயரம் முழங்காலுக்குக் குறையலாகாது.' உங்க பயிர் நிக்கலையே. படுத்திருக்கே."

"அது கொடிங்க மேடம். அதோட சுபாவமே அப்படித்தான்," என்றார் கண்டக்டர்.

பேருந்தில் முப்பது ஆண்டுகள் விசில் ஊதி ஓய்வு பெற்றவரை ஊரார் இன்னமும் அப்படியே அழைத்தனர். அவருடைய மனைவி தையற்காரி. கடையில் ஒரு தக்காளியை எடுத்துப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் அதைக் கூடையிலேயே திரும்ப வைக்கும் வழக்கம் அவளுக்கு ஏற்பட்டிருந்த காலத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. பாலை நிலத்தை இரண்டாண்டு பயிரிட்டுக் காட்டுவோருக்கு நிலம் சொந்தம். காட்டாவிடில் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளும். முதலாண்டு கண்டக்டர் சோளம் விதைத்தார். முழங்கால் உயரம் வந்ததும், மணலை அள்ளி வந்த காற்று இளந்தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் வெட்டிப் போயிற்று. தாழ்ந்து கிடப்பதோடு காற்றுக்குப் பகையில்லை என்பதை அவள்தான் கண்டுகொண்டாள். இரண்டாமாண்டு வெள்ளரி இட்டாள். கொடிகள் மணலின்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மணலையும் பறக்கவொட்டாமல் அமர்த்தி வைத்தன. எதனால் பிழைத்தனவோ, அதுவே இப்போது குற்றமாகிவிட்டது.

கண்டக்டர் தம் தொழிலைத் துணைக்கு அழைத்தார். "உக்காந்து வர்றவனுக்கும் நின்னுக்கிட்டு வர்றவனுக்கும் ஒரே டிக்கெட்டுதான் கிழிச்சேன் மேடம். ஒருத்தரும் ஆட்சேபிச்சதில்லை."

"படுத்துக்கிட்டு வர்றவனுக்கு?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "அவனை இறக்கி விட்டுடுவேன்."

சொல்லி முடித்த பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதிகாரியம்மாள் சிரிப்பை மறைக்கப் படிவத்தை முகத்துக்கு நேரே உயர்த்தினார். "நீங்களே சொல்லிட்டீங்க. இன்னும் ரெண்டு நிலம் பாக்கணும். மூணு மணிக்கு இதே வழியாத்தான் திரும்புவேன். அப்ப எது நிக்குதோ அதை எழுதறேன். நிக்காததை நிக்குதுன்னு எழுத எனக்கு வராது."

ஜீப் மறைந்ததும், அதுவரை ஓரமாய் உட்கார்ந்திருந்த கண்டக்டரின் தங்கை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அந்த விசிலை வாயிலேயே வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ணா."

தையற்காரியோ, அளவு சொல்லாமல் வாடிக்கைக்காரி விட்டுச் சென்ற துணியைப் பார்ப்பதுபோல் நிலத்தை நோக்கி நின்றாள். "நிலத்தில நிற்கும் பயிர்னுதானே இருக்கு," என்றாள். "நிலம் முழுக்க நிக்கணும்னு எழுதலையே. ஒரு பாத்தி எழுந்து நின்னா போதும். மத்தது தூங்கட்டும்."

கிணற்று வேலையில் மிஞ்சிய நான்கு குழாய்களைக் கண்டக்டர் நட்டார். நாத்தனார் துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்து வந்து இழுத்துக் கட்டினாள். தையற்காரி வெட்டுத்துணிப் பையைக் கவிழ்த்து, இரவிக்கை ஓரங்களையெல்லாம் நாடாக்களாகக் கிழித்தாள். கொடியைத் தூக்குவதுதான் கடினமாயிருந்தது. சற்று வேகமாய் இழுத்தால் தண்டு முறிந்துவிடும்.

"மெதுவாங்க. கைக்குழந்தையைத் தூக்கற மாதிரி," என்றாள் கணவரிடம்.

"கம்பியைப் பிடிச்சுக்கோங்க, கம்பியைப் பிடிச்சுக்கோங்க," என்று கண்டக்டர் ஒவ்வொரு கொடிக்கும் சொல்லிக்கொண்டே போனார். "உள்ளே தள்ளி நில்லுங்க. முன்னாடி எவ்வளவு இடம் கிடக்கு."

"சில்லறை இல்லைன்னு அதுங்ககிட்டயும் எரிஞ்சு விழாதே," என்றாள் தங்கை.

சிவப்பு, மஞ்சள், கட்டம் போட்ட நீலம் என நாடாக்கள் வரிசையாய்த் தொங்க, பாத்தி ஒன்று எழுந்து நின்றுவிட்டது. கொடிகள் நீங்கிய இடத்தில் மணல் வெறுமையாய்க் கிடந்ததைத் தையற்காரி மட்டும் கவனித்தாள். காற்று எழுந்தால் முதலில் அந்த இடத்தைத்தான் தோண்டும். நாத்தனாரிடம் சாக்குகளைக் கொடுத்து மேற்குப் பக்கம் மறைக்கச் சொன்னாள்.

காற்றும் ஜீப்பும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன. தொலைவில் புழுதித்தூண் தெரிந்தபோதே கயிறு ஆடத் தொடங்கியது. கடைசிக் கொடியின் நாடா அவிழ்ந்து பறந்தது. தையற்காரி ஓடிச் சென்று, சரியவிருந்த நுனியைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாடா எடுத்து வர ஆளில்லை. மற்ற இருவரும் சாக்கு மறைப்பின் இரு முனைகளிலும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கையை உயர்த்தி, நெரிசலான பேருந்தில் நிற்கிறவளைப்போல் அவள் அப்படியே நின்றாள். ஜீப் மேடேறி இறங்கி வந்து சேர்வதற்குள் தோள் மரத்துப்போயிற்று.

அதிகாரியம்மாள் இறங்கி, காற்றுக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு, பாத்தியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து வந்தார். கடைசிக் கொடியின் முன் நின்று பேனாவைத் திறந்தார்.

"கையை எடுங்கம்மா. தானா நிக்குதான்னு பாக்கணும்."

தையற்காரி தன் கையை அண்ணாந்து பார்த்தாள். நூலினும் மெல்லிய பச்சைச் சுருள் ஒன்று அவளுடைய சுண்டுவிரலை ஒருமுறை சுற்றி முடித்திருந்தது.

"நான் எடுத்துடுவேன் மேடம். இதுதான் விடமாட்டேங்குது."

அதிகாரியம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அருகில் வந்தார். இருவரும் மூச்சையடக்கிப் பார்த்திருக்க, அந்தச் சுருளின் நுனி மெல்ல அசைந்து, இரண்டாம் சுற்றுக்கு வளையத் தொடங்கிற்று.