பன்னிரண்டாவது தொட்டி

1

இந்தக் கதைக்குக் காரணம் என் அண்ணன். அண்ணி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சிக்கு விருது கொடுக்கிறார்கள், விழாவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு மலர் அச்சாகிறது, அதில் ஒரு பக்கம் நான் எழுத வேண்டும் என்றான்.

"டேய், கதை கிதைன்னு எழுதறியே, உங்க அண்ணியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுத மாட்டியா?"

நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது போல, கட்டுரை பிடிக்கப் போய்க் கதை வந்து நிற்கிறது. குரங்கும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கைவிட்ட தொடக்கங்களை மறைக்காமல் வைக்கிறேன்.

மின்சாரம் என்னும் மாபெரும் சக்தியைத் தன் விரல் நுனியில் வைத்து ஆளும் —

[விரல் நுனியில் வைத்தால் ஆளே போய்விடுவார் என்று அண்ணி அடித்துவிட்டார்.]

சிறு வயதிலேயே, எரியும் விளக்கைக் கண்டு வியந்து நின்ற அந்தச் சிறுமி —

["விளக்கு எரிஞ்சா யாரு தம்பி வியப்பாங்க? அணைஞ்சாதான் எங்க வீட்ல எல்லாரும் கத்துவாங்க."]

2

சரி, இப்படித் தொடங்குகிறேன்.

பேராசிரியர் எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்ட பொருளில் மின்சாரம் கசிந்தால் விரல்கள் மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் கை விலகிவிடும். ஆய்வகத்தில் பழகிய பழக்கம் வீட்டுக்கும் வந்து, ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, குளியலறைக் குழாய் எல்லாவற்றுக்கும் புறங்கை மரியாதைதான். கல்யாணமான புதிதில் கணவர் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியையும் அப்படித்தான் தொட்டார். மனிதர் உருகிப்போனார். (அது பாசமா, பரிசோதனையா என்று அண்ணன் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது.)

அவருடைய ஆராய்ச்சி மண்ணுக்கடியில் போகும் மின்கேபிள்களைப் பற்றியது. கேபிளைச் சுற்றியிருக்கும் உறை எத்தனை காலம் தாங்கும்? பூமிக்கடியில் ஒரு தலைமுறைக் காலம் எடுத்து நடப்பதைச் சீக்கிரமாகப் பார்க்க வேண்டுமானால், கேபிளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அளவுக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்து வதைக்க வேண்டும். அதற்காகப் பன்னிரண்டு தொட்டிகள் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, மேலே ஒரு சிவப்பு விளக்கு. துண்டு தாங்கும்வரை விளக்கு எரியும், உறையில் ஓட்டை விழுந்தால் அணைந்துவிடும்.

எந்த வயதுக்கு மேல் எதுவும் தாங்காது என்று அவர் ஒரு சூத்திரம் எழுதினார். விளக்குகளும் சொல்பேச்சு கேட்கிற பிள்ளைகளாக ஒவ்வொன்றாக அணைந்தன. சூத்திரம் பாடப்புத்தகத்தில் ஏறியது. தெருவைத் தோண்டிப் பழைய கேபிளை எப்போது மாற்றுவது என்று அதை வைத்துத்தான் இப்போது பல ஊர்களில் முடிவெடுக்கிறார்கள். விருதும் அதற்குத்தான்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கட்டுரை முடிந்திருக்கும். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஆய்வகத்தை நேரில் பார்த்தால் இரண்டு வர்ணனை கிடைக்குமே என்று போனேன்.

3

கம்பிவலைத் தடுப்பு, தரையில் மஞ்சள் கோடு, கோட்டுக்கு அப்பால் தொட்டிகள். அறை முழுவதும் அடித்தொண்டையில் யாரோ முனகுவது போன்ற ஓசை. பதினோரு விளக்குகள் அணைந்திருந்தன. கடைசித் தொட்டியின் மேல் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"இது என்ன அண்ணி, ஒண்ணு மட்டும் எரியுது?"

"கோட்டைத் தாண்டாதீங்க தம்பி" என்றார். நான் கோட்டுக்கு வெகுதூரத்தில் நின்றிருந்தேன்.

அண்ணி பேச்சை மாற்றி நான் பார்த்ததே இல்லை. அதனால் விடவில்லை. "கணக்குப்படி இது அணைஞ்சிருக்கணுமில்ல?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்பவோ அணைஞ்சிருக்கணும்."

"ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய இருக்காதா?"

"அதுக்கெல்லாம் கணக்குலயே இடம் விட்டிருக்கேன். இது அந்த இடத்தையும் தாண்டிப் போயிடுச்சு. இன்னிக்கு அணையும், நாளைக்கு அணையும்னு காத்திட்டிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. அதுக்குள்ள விருது வந்துடுச்சு." சிரித்தார். "சூத்திரத்துக்கு மேடையில மாலை. சூத்திரம் தப்புன்னு இங்க ஒரு விளக்கு."

விழா முடிந்ததும் அந்த அறை வேறு துறைக்குப் போகிறது. அப்போது சுவிட்சை அணைத்துவிட்டால் தீர்ந்தது, பன்னிரண்டாவது துண்டு தாங்கியதை யாரும் அறியப்போவதில்லை. சோதனையைத் தொடர வேண்டுமானால் துறைத்தலைவரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் இந்த விளக்குதான்.

4

இனி என் பிழைப்பைப் பாருங்கள். கதாநாயகிக்கு ஒரு தர்மசங்கடம் கிடைத்துவிட்டது, முடிவு கிடைக்கவில்லை. எழுதிப் பார்த்தவற்றை அண்ணியிடமே காட்டினேன்.

முடிவு ஒன்று: தொட்டியைத் திறந்து பார்த்தால் அந்தத் துண்டுக்கு மின்சாரமே போகவில்லை! இத்தனை காலமும் இணைப்புக் கொடுக்க மறந்து —

["அவ்வளவு மக்குன்னு நெனச்சீங்களா எங்களை? வாராவாரம் அளந்து பார்க்கறேன்."]

முடிவு இரண்டு: விழா மேடையில் அவர் பேச எழும் அதே கணத்தில், ஆய்வகத்தில் விளக்கு அணைகிறது. சூத்திரம் —

["அது வந்து உங்க கதைக்கு ஒத்தாசை பண்ணுமா? அதுக்கு வேற வேலை இல்ல?"]

முடிவு மூன்று: விழாவில் மின்வெட்டு.

[இதைக் காட்டவே இல்லை. மின்பொறியாளர் கதையில் மின்வெட்டை வைக்காத எழுத்தாளர் யார்? எனக்கும் கொஞ்சம் மானம் உண்டு.]

ஒரு சந்தேகமும் வந்தது. என் பேராசிரியர் சொல்லாமல் விட்டால் வாசகர் அவரை வெறுப்பாரா? யோசித்துப் பாருங்கள், அவர் தவறு யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. கேபிள் அவர் சொன்னதைவிட அதிகம் உழைக்கிறது, அவ்வளவுதான். நல்லபடியாகத் தோற்பதைக்கூடச் சொல்லக் கூச்சமாகத்தானே இருக்கும். எனக்கு இருக்கும்.

5

விழாவுக்கு முந்தைய வாரம், சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு வெடித்தது. அண்ணனுக்கு அன்றுதான் விஷயம் தெரியும்.

"ஒரு நாளாவது நிம்மதியா மேடை ஏறி வாங்கிட்டு வாயேன்" என்றான். "லீவு நாள்ல எல்லாம் அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தத்தானே போனே? உன்னோட ஒரு ஊருக்கு நிம்மதியா போய்ட்டு வந்திருப்பேனா? அதுக்காவது இந்த விருது எனக்கு வேணும்."

"வாங்க மாட்டேன்னு யாருங்க சொன்னா?"

"வாங்கிட்டு, இது தப்புன்னு சொல்லப் போறியா?"

அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயமாத்தாங்க இருக்கு" என்றார். "எல்லாரும் சிரிப்பாங்கன்னு இல்ல. பாவம்னு பார்ப்பாங்களோன்னுதான். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? பதினோரு விளக்கு அணைஞ்சப்பவும் எனக்குத் தூக்கம் நல்லா வந்துச்சு. இது அணையலன்னதும்தான் காலையில சீக்கிரம் எழுந்து ஓடறேன். ஏன் அணையலன்னு எனக்குத் தெரியல. இந்த வயசுல எனக்குத் தெரியாதது ஒண்ணு கெடைச்சிருக்கு."

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தான். நாற்பது பேர் கொண்ட அலுவலகத்தை அதட்டி மேய்ப்பவன், மனைவி சந்தோஷமாக இருக்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்க இத்தனை நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "தண்ணி ஊத்த நாளைக்கு நானும் வரேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தான் சொன்னதை இங்கே எழுதக் கூடாது என்றான். எழுதிவிட்டேன்.

மறுநாள் இந்தக் கதையை, மேலே உள்ள வரிவரை, அண்ணியிடம் கொடுத்தேன். மேடையில் சொல்வதும் விடுவதும் அவர் இஷ்டம். ஆனால் மலர் அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான். கூடவே வேறொன்றும் கொடுத்தேன்: வாழ்க்கைக் குறிப்பு, பட்டங்கள், வாழ்த்து எல்லாம் அடங்கிய சுத்தமான ஒரு பக்கக் கட்டுரை. அதில் விளக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"ரெண்டுல எது வேணுமோ அதைப் போட்டுக்குங்க அண்ணி. எனக்கு வருத்தம் இல்ல."

"பொய்" என்றார்.

"கொஞ்சம் வருத்தம்."

6

முடிவை நான் எழுதப்போவதில்லை. இந்தப் பகுதியை எழுதும் இப்போது எனக்கு அது தெரியவும் தெரியாது. கதையும் கட்டுரையும் அண்ணியின் பையில் இருக்கின்றன; மீதியான இந்த வரிகளையும் கதையோடு சேர்த்துக்கொள்ள அவரிடம் கொடுத்துவிடுவேன். அந்தக் கட்டுரை அச்சானால் இந்தக் கதையை யாரும் படிக்கப்போவதில்லை, நானும் வாய் திறக்கமாட்டேன்.

ஆனால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் உங்கள் கையில் இருப்பது விழா மலர். நீங்கள் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து இருக்கைக்காரரும் இதே பக்கத்தைத்தான் புரட்டுகிறார். முன்வரிசையில் துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படிப்பார். மேடையில் அண்ணி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நிற்பார். நீங்கள் எல்லோரும் படித்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கும், சொன்னாரே.

அவர் உங்களைப் பார்க்கும்போது கைதட்டலாம். இல்லை, கையை உயர்த்தி, "அது ஏங்க இன்னும் அணையல?" என்று கேட்கலாம். கைதட்டினால் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார். அண்ணியை எனக்குத் தெரியும், கேட்டுவிடுங்கள்.