ஏழு ஜன்னல்களுக்குத் திரை

நகரத்தை விட்டு இந்த வயல்வெளி வீட்டுக்குக் குடிவந்ததே தங்கையின் பிடிவாதத்தால்தான். ஒரு மாதம் பார்ப்பேன், மனசு ஒட்டவில்லை என்றால் மூட்டை கட்டிவிடுவேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவளை எப்படியாவது நிறுத்திவிட வேண்டுமென்று, தங்கை தையல் மெஷினே கதியாகக் கிடந்து ஏழு ஜன்னல்களுக்கும் மஞ்சள் பூப்போட்ட திரை தைத்து மாட்டினாள். துணியும் அதோடு தீர்ந்துபோனது.

மாதக் கடைசி நாள் காலையில் இருவரும் தோட்டத்தில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பரவாயில்லையேடி, எட்டும் எடுப்பா இருக்கு."

"ஏழுக்கா. உனக்கு என்னைக்குக் கணக்கு வந்துச்சு?"

"நீயே எண்ணிப் பாரு, பெரிய கணக்குப்புலி!"

தங்கை எண்ணினாள். மாடி ஓரத்தில், உள்ளே வெறும் சுவராக இருக்கும் இடத்தில், எட்டாவதாக ஒரு ஜன்னல். அதிலும் அதே மஞ்சள் பூத்திரை, பாதி விலகியிருந்தது.

"அந்த ஓரத்துத் திரை மட்டுந்தான் கோணாம தொங்குது," என்று அக்கா சிரித்தாள். "சரி, பெட்டியப் பிரிச்சிடுறேன். இங்கயே இருந்துடலாம்."

தங்கை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அக்கா அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள்.

"அதை மட்டும் கொஞ்சம் பொறுமையா தச்சேன்க்கா," என்றாள்.

மாடியில் அந்தத் திரையை, கோபித்துக்கொண்டது போல, யாரோ வெடுக்கென்று இழுத்து மூடினார்கள்.